தொட்டுப் பார்க்காமலே தேறும் அறிவியல்

ஜிசிஎஸ்இ அறிவியலுக்காக லண்டனில் நம் ஆட்கள் செலவழிக்கிற பணத்தைக் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என எங்கே போனாலும் சனிக்கிழமை காலையில் டியூஷன் வாசலில் கார்கள் நிற்கின்றன. பழைய வினாத்தாள், ரிவிஷன் கைடு, ஆன்லைன் வகுப்பு, எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளை இந்த வருஷம் எத்தனை சோதனையைத் தன் கையால் செய்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய காரணம் இருக்கிறது. இங்கே 2016-ல் ஜிசிஎஸ்இ அறிவியல் பாடத்திட்டம் மாறியது. 2018-ல் முதல் தேர்வு நடந்தது. அதற்கு முன் ஆய்வக வேலைக்குப் பள்ளியிலேயே தனி மதிப்பெண் இருந்தது. இப்போது இல்லை. உயிரியல், வேதியியல், இயற்பியலைத் தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றிலும் குறைந்தது 8 கட்டாயச் சோதனைகள், மூன்றும் சேர்ந்த பாடம் என்றால் 16. செய்ததற்கு மார்க் கிடையாது. அவற்றைப் பற்றிய கேள்விகள் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 சதவீதம் வரும். மாணவர்களுக்கு அந்த வாய்ப்பைத் தந்தோம் என்று பள்ளி எழுதிக் கொடுத்தால் போதும். அதாவது, யூடியூபில் பார்த்துவிட்டு அந்த 15 சதவீதத்தை ஒரு கெட்டிக்காரப் பிள்ளை சுலபமாக வாங்கிவிடலாம். நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். வாங்கியும் விடுகிறார்கள்.

ராயல் சொசைட்டி வெளியிட்ட மாணவர் கணக்கெடுப்பு இதை எண்ணில் காட்டுகிறது. ஜிசிஎஸ்இ வகுப்புகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கையால் சோதனை செய்தவர்கள் 2016-ல் 44 சதவீதம், 2019-ல் 37, 2023-ல் 26.

இதனால் என்ன நஷ்டம்? ஓர் உதாரணம் சொல்கிறேன். கட்டாயச் சோதனைகளில் ஒன்று, கம்பியின் நீளம் கூடக் கூட மின்தடை எப்படி மாறுகிறது என்று அளப்பது. என் அக்கா மகள் போன வருஷம் அதை லேப்டாப்பில் சிமுலேஷனாகச் செய்தாள். கிராஃப் ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் போய்ப் பூஜ்யத்தைத் தொட்டது. "ஈஸியா இருந்துச்சு மாமா" என்றாள். நிஜக் கம்பியில் அப்படி வராது. கோடு பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலேயே அச்சை வெட்டும். முதலை கிளிப் கம்பியைத் தொடும் இடத்திலேயே சிறிது மின்தடை இருக்கிறது. கிளிப்பும் ஸ்கேலின் சரியான பூஜ்யத்தில் உட்காராது. மின்சாரத்தை அணைக்காமல் விட்டால் கம்பி சூடாகி அளவு நகர்ந்துகொண்டே போகும். 'ஏன் இப்படி வருது?' என்று தலையைச் சொறிகிற அந்தப் பத்து நிமிஷம்தான் அறிவியல். நான் மென்பொருள் வேலையில் சம்பளம் வாங்குவதே அந்தத் தலைச்சொறிதலுக்குத்தான்.

ஊரில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவில்லை. எங்கள் காலத்தில் பிளஸ் டூ வேதியியல் 200 மார்க்கில் 50 பிராக்டிகலுக்கு. ரெக்கார்டு நோட்டை சீனியரிடம் வாங்கிப் பார்த்து எழுதுவது ஊரறிந்த ரகசியம். இருந்தாலும் பியூரெட் முன்னால் நின்றுதான் ஆக வேண்டும். ஒரு சொட்டு கூடினால் நிறம் எகிறிவிடும். சிங்கப்பூரில் இன்றும் ஓ லெவல் வேதியியலில் 20 சதவீதம் செய்முறைத் தேர்வுக்குத்தான்.

ஆசிரியர்கள் மேல் பழி போட வரவில்லை. இயற்பியல் ஆசிரியர் தட்டுப்பாடு, ஆய்வக உதவியாளர் குறைவு, முடிக்க வேண்டிய பாடமோ மலை. ஆனால் 'பாதுகாப்பு விதி தடுக்குது' என்று சொன்னால் மட்டும் அப்படியே நம்பாதீர்கள். பள்ளிகளுக்குச் சோதனைகளைப் பத்திரமாகச் செய்யும் வழி சொல்லவே கிளியாப்ஸ் என்ற அமைப்பு லண்டனின் அக்ஸ்பிரிட்ஜில் இருக்கிறது. தடை செய்யப்பட்டதாக ஆசிரியர்கள் நினைத்த பல சோதனைகளுக்குத் தேசிய அளவில் தடையே இல்லை என்பது 2005-லேயே தெரியவந்த விஷயம்.

அடுத்த பேரன்ட்ஸ் ஈவினிங்கில் 'என்ன கிரேடு வரும்?' என்பதோடு, 'இவள் இந்தப் பருவத்தில் கையால் என்ன செய்தாள்?' என்றும் கேளுங்கள். வீட்டிலும் செய்யலாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த அமில-காரச் சோதனைதான். மஞ்சள் தடவிய காகிதத்தில் சோப்புத் தண்ணீர் விட்டால் சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும். உப்புத் தண்ணீரில் போட்ட உருளைக்கிழங்குத் துண்டு எடை குறைவது ஒரு கட்டாயச் சோதனை. ஊறுகாய் ஜாடியில் மாங்காய் சுருங்குவதும் அதே சவ்வூடு பரவல். அந்தத் தமிழ்ச் சொல்லும் அப்போது தானாக ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. நம் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகள் பல, செகண்டரி ஸ்கூல் கட்டடங்களை வாடகைக்கு எடுத்துத்தான் நடக்கின்றன. நாம் 'அ, ஆ' எழுதும் அறைக்கு அடுத்த தாழ்வாரத்திலேயே ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது. பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை அதைத் திறந்து தரச் சொல்லிக் கேட்கலாமே. வாடகை கூடும், இன்சூரன்ஸ் படிவம் நிரப்ப வேண்டும், தகுதியுள்ள அறிவியல் ஆசிரியர் ஒருவர் கூட நிற்க வேண்டும். ஆண்டு விழா ஹாலுக்கும் சவுண்டு சிஸ்டத்துக்கும் கொடுக்கிற காசில் ஒரு பங்கு இதற்குப் போதும். கமிட்டியில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். கம்பியும் கிளிப்பும் வாங்கித் தர நான் தயார்.