பெயரளவு ஆலோசகர் போதாது

அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வெழுதி எம்பிஏ சேர்பவர்கள் எல்லோரும் வணிகவியல் படித்தவர்கள் அல்லர். பொறியியல், அறிவியல், கலைப் பட்டதாரிகளும் அதே வகுப்பில் அமர்கிறார்கள். பற்று, வரவு அறியாதவரும் கணக்கியலைத் தொடக்கத்திலேயே எதிர்கொள்ள வேண்டும். இருப்பதோ நான்கே பருவங்கள். வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வெழுதுவதே சிக்கலாகும். இரண்டாம் ஆண்டில் நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம் என விருப்பப் பாடங்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் வழிகாட்டவே ஆசிரிய ஆலோசகர் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது படிவத்தில் கையெழுத்துப் போடும் சடங்காகச் சுருங்கினால், நண்பன் எடுத்த பாடத்தையே மாணவரும் எடுப்பார். வேலைவாய்ப்பு நேர்காணலில் காரணம் சொல்லத் திணறுவார்.

வருகை, தேர்ச்சி, மறுதேர்வு விதிகளைக் கல்லூரிகள் முதல் வாரத்திலேயே எளிய தமிழிலும் எழுதித் தர வேண்டும். வருகைக் குறைவைப் பருவ இறுதி வரை காத்திராமல் மாதந்தோறும் தெரிவிக்க வேண்டும். கோடைக்காலப் பயிற்சிக்கு முன்பே ஆலோசகர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேச வேண்டும். அந்த நேரத்தை ஆசிரியரின் பணிநேரக் கணக்கில் சேர்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. அதைச் செய்யாமல் மாணவரின் அலட்சியத்தை மட்டும் குறைசொல்வதில் நியாயமில்லை.