ஆய்வகத்திலிருந்து வகுப்பறைக்கு: எங்கள் நிலைப்பாடு

இளம் ஆராய்ச்சியாளர்கள் அரசுப் பள்ளிகளுக்குச் சென்று தங்கள் ஆய்வையும் தாங்கள் கடந்துவந்த படிப்பு வழியையும் மாணவர்களிடம் சொல்வதை ஓய்வுநேரத் தொண்டாகப் பார்க்கக் கூடாது. அது ஆராய்ச்சிப் பணியின் ஒரு பகுதி. நிறுவனங்கள் அதைப் பணிக்கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

தமிழ்நாட்டில் ஆய்வகங்களுக்குக் குறைவில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம், கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் எனப் பல ஊர்களில் இருக்கின்றன. ஆனாலும் நம் மாணவர்களில் பலருக்கு விஞ்ஞானி என்பவர் பாடப்புத்தகத்தில் படமாக இருப்பவர்தான். அந்த வேலைக்கு எப்படிப் போவது, என்ன சம்பளம் என்று கேட்டால் சொல்ல வீட்டிலும் தெருவிலும் ஆள் இல்லை.

நீட், ஜேஇஇ பற்றித் தெரிந்த பெற்றோரிலும் பலர் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களின் (ஐசர்) ஐந்தாண்டுப் படிப்பையோ, அதற்கான நுழைவுத் தேர்வையோ கேள்விப்பட்டிருப்பதில்லை. ‘இன்னும் எத்தனை வருஷம் படிப்பாய், வீட்டை யார் பார்ப்பது?’ என்ற கேள்விக்கும் பதில் உண்டு. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறுபவருக்கு, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் முதுநிலை உதவித்தொகையாக 42,000 ரூபாய். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளையின் குடும்பத்துக்கு இது முடிவையே மாற்றக்கூடிய செய்தி.

செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவும் வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எடுக்கும் குரூப், கணிதம் தொடருமா விடுபடுமா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கே முதலிடம் தர வேண்டும். பிளஸ் டூ தேர்வு நெருங்கும்போது வந்து பேசுவதில் பயன் குறைவு.

நாங்கள் வலியுறுத்துபவை:

1. உரையாடல் தமிழில் நடக்க வேண்டும். கலைச்சொல் ஆங்கிலத்தில் இருந்தால் பாதகமில்லை. செய்யும் வேலை புரிய வேண்டும்.

2. மேடை, பொன்னாடை, நன்றியுரை வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வகுப்பு போதும். வருபவர் தன் ஆய்வின் மாதிரிப் பொருளையோ அளவீட்டுத் தாளையோ கொண்டுவரட்டும்.

3. கைகூடாத சோதனை, தவறிப்போன தேர்வு, தாமதமாக வரும் உதவித்தொகை, நிரந்தர வேலைக்கான நீண்ட காத்திருப்பு ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

4. பேச வருபவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அரசுப் பள்ளியில் படித்தவர்கள், பெண்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆகியோருக்கு முன்னுரிமை வேண்டும்.

5. சந்திப்பின்போது ஆசிரியர் வகுப்பில் இருக்க வேண்டும். பிந்தைய தொடர்பு பள்ளி வழியாகவே நடக்க வேண்டும். எந்தக் கல்லூரிக்கும் பயிற்சி மையத்துக்கும் ஆள் சேர்க்கும் பேச்சு கூடாது.

ஆய்வு மாணவரின் நேரம் வீணாகும் என்று சில நெறியாளர்கள் சொல்கிறார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022இல் வெளியிட்ட அறிவியல் சமூகப் பொறுப்பு வழிகாட்டுதல்களே ஆண்டுக்குக் குறைந்தது பத்து நாள் இத்தகைய பணிக்கு ஒதுக்கச் சொல்கின்றன. நாங்கள் கேட்பது அதில் இரண்டே நாள். தன் ஆய்வை ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குப் புரியவைக்க முயலும்போது, அதில் தனக்கே தெளிவில்லாத இடம் எது என்பதும் ஆய்வாளருக்குத் தெரியவரும். அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் 2017இல் கேந்திரிய வித்யாலயாக்களுடன் தொடங்கிய ‘ஜிக்யாசா’ திட்டம், ஆய்வகமும் பள்ளியும் இணைவது நடைமுறையில் முடியும் என்று காட்டியிருக்கிறது. அந்த வாய்ப்பு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்கும் கிடைக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் இந்த இரண்டு நாட்களைப் பணிநாட்களாக அறிவித்துப் பயணச் செலவை ஏற்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறை இதற்கெனப் பாடவேளை ஒதுக்க வேண்டும். ஆய்வு மாணவர்கள் உத்தரவுக்குக் காத்திராமல், தாங்கள் படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் இந்த ஆண்டே பேசித் தேதி குறிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.