நாள் கணக்குப் பார்த்துக் கோப்புகளை அழிப்பது

வேலைகளை வரிசையில் நிறுத்தி நேரம் பார்த்து ஓட்டும் மென்பொருள்கள் ஒவ்வொரு வேலைக்கும் டிஸ்க்கில் ஓர் இடம் ஒதுக்குகின்றன. உள்ளீடு, இடைக்கால முடிவு, லாக் எல்லாம் அங்கே சேரும். வேலை முடிந்த பிறகும் பல கோப்புகள் அப்படியே கிடக்க, டிஸ்க் நிரம்பும். இதற்குச் சர்வர் நிர்வாகிகளிடையே பரவலாக நம்பப்படும் மருந்து ஒன்று உண்டு: முப்பது நாளாகத் தொடப்படாத கோப்பு தேவையற்றது, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் மூலம் இரவில் ஒரு வரிக் கட்டளையை ஓட்டி அழித்துவிட்டால் போதும். இந்த விதி எளிமையானது, ஆனால் தவறானது. கோப்பின் தேதியைப் பார்த்து, அதை நம்பி ஒரு வேலை காத்திருக்கிறதா என்று அறிய முடியாது.

முதலாவதாக, அந்தத் தேதியே நம்பத்தக்கதல்ல. டார் எனும் தொகுப்புக் கோப்பைப் பிரிக்கும்போது உள்ளே இருப்பவை தம் பழைய திருத்தத் தேதியோடுதான் வெளிவருகின்றன. இன்று காலை சர்வரில் இறக்கிய தரவு 2019ஆம் ஆண்டுத் தேதியைத் தாங்கி நிற்கலாம். அதைப் படிக்க வேண்டிய வேலை தொடங்குமுன் துப்புரவு ஸ்கிரிப்ட் அதை அழித்துவிடும். கடைசியாகப் படித்த தேதியைப் பார்க்கலாமே என்பார்கள். வேகம் கருதிப் பல சர்வர்களில் அந்தப் பதிவையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நிறுத்தாத இடத்தில், காப்புநகல் எடுக்கும் மென்பொருள் எல்லாவற்றையும் படித்துச் செல்வதால் குப்பைகூடப் புதிதாகத் தெரியக்கூடும்.

இரண்டாவதாக, அழித்தால் இடம் கிடைக்கும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர்தான் மறையும். நிரல் அதை மூடும்வரை டிஸ்க் இடம் விடுபடாது. அழித்தது லாக் கோப்பு என்றால், நிர்வாகிக்கு அதுவும் போய்விடும், இடமும் கிடைக்காது.

மூன்றாவது ஆபத்து, அழிக்கும் ஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக மீக்கணினியில் 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. போனவை ஏறத்தாழ 3.4 கோடி கோப்புகள். பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றுள் நான்கு குழுக்களின் தரவைக் காப்புநகலிலிருந்தும் மீட்க முடியவில்லை. பத்து நாளுக்கு மேற்பட்ட லாக் கோப்புகளை அழிக்க எழுதிய ஸ்கிரிப்ட்தான் காரணம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்திய பதிப்பை அதன்மேல் எழுதினார்கள். ஸ்கிரிப்டை இயக்கும் பாஷ் நிரல், அதைச் சிறிது சிறிதாகப் படித்தே ஓட்டும். அதனால் புதிய பதிப்பை நடுவிலிருந்து படித்தது. மாறிகள் மதிப்பின்றி நின்றன. லாக் கோப்புறைக்குப் பதில் தரவுக் கோப்புறையில் அழிப்பு நடந்தது. கணினியை வழங்கிய ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றது. துப்புரவு சில்லறை வேலை, யாரும் எப்போதும் மாற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த நிகழ்வே மறுப்பு.

"வேலைகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் மென்பொருளே முப்பது நாள் கணக்கு வைத்திருக்கிறதே" என்று சிலர் வாதிடலாம். பணியிடக் கோப்புறைகளுக்கு அதன் இயல்பான கெடு முப்பது நாள் என்பது உண்மை. ஆனால் நாளோடு அது நிற்பதில்லை. அந்த வேலை இப்போது ஓடுகிறதா, கடைசியாக ஓடியது இந்தக் கணினியிலா என்றும் பார்த்த பிறகே அழிக்கிறது. வேலைகளை வரிசைப்படுத்தும் எச்டிகாண்டர் மென்பொருளின் துப்புரவு நிரலான காண்டர்_ப்ரீனும் அப்படியே: அந்த மென்பொருளின் கோப்புறைகளைச் சோதித்து, முறையின்றி முடிந்த செயல்கள் விட்டுச்சென்ற மிச்சங்களை நீக்குகிறது. வரிசையில் இன்னும் இருக்கும் வேலையின் கோப்புகள், எத்தனை நாள் பழையவையானாலும், அதற்குக் குப்பையல்ல.

மிச்சங்கள் பல, வேலை நடுவில் அறுபடும்போது பிறப்பவை. சங்கரன்கோவிலில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், விசைத்தறிக் கணக்கை ஓட்டும் ஒரு சிறு அலுவலகத்தின் யுபிஎஸ் பேட்டரி தீர்ந்தால் போதும். பாதிக் கோப்புகள் அநாதையாகிவிடும். அவை பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. முப்பது நாள் விதி இந்த உண்மையான குப்பையை ஒரு மாதம் காத்து வைக்கும்; தேவையான பழைய உள்ளீட்டையோ உடனே அழிக்கும்.

அதனால் எதையும் அழிக்கவே கூடாது என்பதல்ல. ஒவ்வொரு வேலையும் தனக்கெனத் தனிக் கோப்புறையில் இயங்க வேண்டும். முடியும்போது அதைத் தானே அழிக்க வேண்டும். அறுபட்ட வேலையின் மிச்சத்தை, மென்பொருள் மீண்டும் எழும்போது வேலைப் பட்டியலோடு ஒப்பிட்டு நீக்க வேண்டும். வெளியிலிருந்து ஸ்கிரிப்ட் எழுதியே ஆக வேண்டுமென்றால், அது முதலில் பட்டியல் மட்டும் தர வேண்டும். பிறகு வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். கடைசியில்தான் அழிக்க வேண்டும். மதிப்பில்லாத மாறியைக் கண்டதும் நின்றுவிட வேண்டும். ஓடும்போது அதைத் திருத்தக் கூடாது. நாள் கணக்குக்கும் ஓர் இடம் உண்டு: முடிந்த வேலைகளின் லாக் கோப்புகள். எத்தனை நாள் வைப்பது என்பதை அந்த வேலையின் உரிமையாளர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.