வேன் ஏறும் தொழிலாளிக்கு வேலைக் கடிதம் கிடைக்குமா?

விடிந்ததும் விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் பட்டாசு ஆலை வேன்கள் வந்து நிற்கும். தூக்குவாளியோடு ஏறுகிறவர்களில் பலருக்கு அடுத்த மாதமும் இதே ஆலைதானா என்பது தெரியாது. பீஸ் ரேட் கூடுதலாகக் கிடைத்தால் வேறு ஆலைக்கு மாறுவார்கள். மழை பெய்தால் வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் கொஞ்ச நாளைக்கு ஆலைக்கே பூட்டு.

இப்படி ஓடுகிற தொழிலுக்குள்தான் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நுழைந்திருக்கின்றன. பழைய 29 சட்டங்களை ஒன்றாக்கிய இவை 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ளன.

சிவகாசிக்கு இதில் பெரிய விஷயம், ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்பது. ஐ.டி. கம்பெனியில் அது சாதாரணக் காகிதம். பட்டாசு ஆலையில் அப்படி இல்லை. விபத்து நடந்தால் முதலில் எழும் கேள்வியே, 'இவர் யாரிடம் வேலை பார்த்தார்?' என்பதுதான். உரிமம் ஒருவர் பெயரில், ஆலையை நடத்துவது உள்குத்தகைக்காரர், ஆள் கூட்டி வந்தது இன்னொருவர் என்றால், இழப்பீடு கேட்டு அந்தக் குடும்பம் யார் வாசலில் போய் நிற்கும்? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேரைப் பலிகொண்ட விபத்துக்குப் பிறகு உள்குத்தகை பற்றிப் பெரிதாகப் பேசப்பட்டது. இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

வேனில் போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நடந்த விபத்தாகவே கருதப்படும்.

கவலைப்பட வேண்டிய இடமும் இருக்கிறது. மின்சாரம் இல்லாமல் இயங்கும் இடத்தில் முன்பு 20 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை. இப்போது 40 பேர் வேண்டும். பட்டாசில் பெரும்பாலும் கைவேலைதான். அபாயகரமான தொழில் என்று அரசு அறிவித்தால், ஒரே ஒருவர் வேலை பார்க்கும் இடத்துக்கும் பாதுகாப்புச் சட்டத்தையும் இ.எஸ்.ஐ.யையும் கொண்டுவரலாம். ஆனால், அதற்கு அறிவிப்பு வர வேண்டுமே!

சிறு முதலாளிகளின் சிரமமும் பொய் இல்லை. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஆள் மாறும் ஆலையில் அதற்கென்றே ஒரு கணக்கர் வேண்டியிருக்கும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. ஒப்பந்தத்தை 11-வது மாதம் முடித்துவிட்டு, தீபாவளி சீசனுக்கு அதே ஆளைப் புதிதாக எடுத்தால்? அதைத்தான் அதிகாரிகள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும்.

கடிதம் கைக்கு வந்தால், கூலி எவ்வளவு என்று பார்ப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். சேர்ந்த தேதி சரியா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றி இருக்கிறதா, கையெழுத்து உரிமம் வைத்திருப்பவருடையதா, குத்தகைக்காரருடையதா என்றும் பாருங்கள். உடனே செல்போனில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.