தாத்தா குடித்த தண்ணீர் அல்ல இது

“தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறோம், எங்கள் தண்ணீருக்கு என்ன சோதனை?” தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சொந்தக் கிணறோ போரோ வைத்திருக்கும் வீடுகளில் தண்ணீர்ப் பரிசோதனை என்று பேச்செடுத்தாலே வரும் பதில் இது. இதற்குத் துணையாக இன்னும் நாலைந்து காரணங்களும் சொல்வார்கள். ஒன்றுகூட நிற்காது.

முதலில் அந்தத் தலைமுறைக் கணக்கு. தாத்தா குடித்தது நாற்பது ஐம்பது அடியில் ஊறிய திறந்த கிணற்று நீர். அது வற்றிய பிறகு போர் போட்டோம். அதுவும் வற்ற, இன்னும் ஆழமாக இன்னொன்று போட்டோம். இன்று மோட்டார் இழுப்பது பல நூறு அடிக்குக் கீழே, பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் கிடந்த நீரை. அங்குள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு அதில் கரைந்துகொண்டே இருக்கிறது. தோட்டம் அதேதான், தண்ணீர் வேறு. பழைய தண்ணீரெல்லாம் குற்றமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. 1937இலேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் ஃபுளோரைடு நோய் பதிவாகியிருக்கிறது. அந்த நோயால் முதுகு விறைத்து மூட்டு மடங்காமல் போனால், வயதாகிவிட்டது, வாதம் என்று விட்டுவிடுவது எளிது.

“பளிங்கு மாதிரி இருக்கிறதே, ருசியாகவும் இருக்கிறதே” என்பார்கள். ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவு வித்தியாசம் எந்த நாக்குக்கும் தெரியாது. பிள்ளைகளின் முன்பற்களில் குறுக்காகப் பழுப்புக் கோடு ஓடும்போதுதான் தெரியவரும். அந்தக் கறை தேய்த்தால் போகாது.

“காய்ச்சித்தான் குடிக்கிறோம்.” நல்லது, கிருமி சாகும். ஆனால் செப்டிக் டேங்கிலிருந்தும், எருக்குழியிலிருந்தும், வயலில் போட்ட யூரியாவிலிருந்தும் இறங்கிய நைட்ரேட் சாகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கிணற்று நீரின் நைட்ரேட்டால் சிசுக்களின் உடல் நீலம் பாரிப்பதை அமெரிக்க மருத்துவர் காம்லி 1945இலேயே எழுதிவிட்டார். இங்கே வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், தளர்வே கிடையாது.

எனக்கு அதிகம் கவலை தருவது டிடிஎஸ் மீட்டர். பேனா அளவுக் கருவியைத் தம்ளரில் விட்டு, “நானூறுதான், ஒன்றுமில்லை” என்று முடித்துவிடுகிறார்கள். நீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து மொத்த உப்பைக் கணிக்கும் கருவி அது. மூட்டையைத் தூக்கி எடை சொல்லலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது, அப்படித்தான் இதுவும். நானூறில் மூன்று ஃபுளோரைடாக இருந்தால் அது காட்டாது. கிருமியையும் காட்டாது. இன்னொரு பக்கம், வடிகட்டி விற்க வருகிறவர் இரண்டு உலோகக் கம்பிகளைத் தம்ளரில் விட்டு மின்சாரம் கொடுப்பார். நீர் பழுப்பாகத் திரியும், வீடே பதறும். திரிவது பெரும்பாலும் அந்தக் கம்பியின் இரும்புதான். முதல் ஆள் தந்த நிம்மதியும் இரண்டாம் ஆள் தந்த பயமும் ஆய்வக அறிக்கை ஆகாது.

“ஒரு தடவை பார்த்தாயிற்று” என்பதும் போதாது. பெருமழைக்குப் பின் சாக்கடை நீர் கிணற்றுக்குள் கசியலாம். கிருமிச் சோதனையை ஆண்டுதோறும், முக்கியமாக மழைக்குப் பின், செய்ய வேண்டும்.

கடைசியாக, பலர் வாய்விட்டுச் சொல்லாதது: “கெட்டது என்று வந்துவிட்டால் என்ன செய்வது?” இந்தப் பயம் புரிகிறது. ஆனால் கிருமி என்றால் பிளீச்சிங் பவுடர் போட்டு, கசிவை அடைத்து, மறுபடி சோதிக்கலாம். ஃபுளோரைடு என்றால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு நீர் போதும்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய் வரும் ஊர்களில் அந்தச் சில குடங்களை அதற்கென ஒதுக்கிவிட்டு, போர்த் தண்ணீரில் குளிக்கலாம், துவைக்கலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தனியாரும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான கேனை அதே நீரால் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலை அலசாமல் நிரப்பி, குளிர்ச்சியாக அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.