அட்டையின் பின்புறம்

இரு கண்களுக்கிடையே உள்ள தூரம் ஏறத்தாழ 6.5 செ.மீ. அந்த இடைவெளியில் ஒரே காட்சியை இருமுறை படமெடுத்து, ஒரே அட்டையில் ஒட்டி, அதற்கென அமைந்த கண்ணாடியின் வழியே நோக்கினால் வயலும் குன்றும் ஆழம் பெறும். லின்னேயஸ் டிரைப் 1858இல் திருச்சி, தஞ்சைப் பகுதிகளை இவ்வாறு பதிவு செய்தார். பின்னர் அமெரிக்காவின் அண்டர்வுட் நிறுவனம் இந்தியக் காட்சிகளைப் பெட்டி பெட்டியாக விற்றது. சேகரிப்பாளர்கள் இன்றும் இத்தகைய பெயர்களையே துரத்துகின்றனர். சிற்றூர்ப் படக்காரரின் அட்டை பழைய காகிதக் கடைக்குப் போகிறது.

கோலார் தங்கவயலில் இந்த இழப்பு கூடுதலானது. சிவசமுத்திரத்து மின்சாரம் 1902இல் வந்தடைந்த ஊர் அது. அதன் எந்திரங்களைப் படமெடுக்க ஆளிருந்தது. மூங்கில் தட்டி வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் நிலக்காட்சியோ உள்ளூர் ஸ்டூடியோக்களையும் குடும்பப் பெட்டிகளையுமே நம்பியிருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின்கீழ் தமிழக ஸ்டூடியோப் படங்களை எண்மமாக்கியுள்ளது. தங்கவயலுக்கும் அத்தகைய முயற்சி வேண்டும். ஆனால் படத்தை மட்டும் காப்பது பாதி வேலை. (விலைபேசும் சேகரிப்பாளர் அட்டையின் பின்புறத்தைத் திருப்பியும் பார்ப்பதில்லை.) ராபர்ட்சன்பேட்டை முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. இறுதிவரை கீழே இறங்கியவர்கள் முதுமையடைந்துவிட்டனர். படத்தில் தெரியும் மேடு சயனைடு மண்ணா, வெறும் கல்லா, அந்த லைன் எந்தச் சுரங்கத்துக்குரியது என்பதை அவர்கள் நொடியில் சொல்வார்கள். படத்தை ஏலத்துக்குக் கொண்டுசெல்லுமுன் அவர்களிடம் கொண்டுசெல்ல வேண்டும். அவர்கள் சொல்லும் ஊர்வழக்குச் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.