துப்பாக்கி லைசென்ஸும் கும்பிடும்

துப்பாக்கி லைசென்ஸ் என்றால் அது ஏதோ கலெக்டர் மனமிரங்கி அளிக்கும் வரப்பிரசாதம் என்றே நமது குடியானவர்கள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். மலையடிவாரத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடியானவர், கடலைக் கொல்லையில் பன்றி அழிவு பொறுக்கமாட்டாமல், வெடிபோட்டு விரட்டுவதற்கு ஒரு மருந்துத் துப்பாக்கி வேண்டுமென்று மனுக் கொண்டுபோனார். ஆபீசில் அவரைக் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு எத்தனை ஏக்கர்?" என்பது, இரண்டாவது கேள்வி, "உனக்கு யாரைத் தெரியும்?" என்பது. அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மனுவும் கையுமாகத் திரும்பிவிட்டார்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1959-ம் வருஷத்திய ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிர்க் காவலுக்காக மருந்துத் துப்பாக்கி கேட்பவனுக்கு, மறுக்கத் தகுந்த காரணம் இல்லையானால், லைசென்ஸ் கொடுத்தே தீரவேண்டும் என்கிறது. 14-வது பிரிவோ, போதிய சொத்தில்லை என்பதை மாத்திரம் காரணமாகக் காட்டி யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். பொது நன்மைக்கு விரோதமென்றாலொழிய, கேட்டால் கொடுக்கவும் வேண்டும். 18-வது பிரிவின்படி அப்பீலும் உண்டு. இப்படியிருக்க, ஏக்கர்க் கணக்குக் கேட்பது எந்தச் சட்டம் என்று கேட்கின்றோம்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டத்தின் கீழ் வெள்ளைக்காரனுக்கு விலக்கு. இந்த நாட்டானுக்கு லைசென்ஸ். சட்டம் மாறியும் ஆபீசின் புத்தி மாறவில்லை. சட்டமும்தான் முழுவதும் மாறிவிட்டதா? குடகில் குடவராய்ப் பிறந்தவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் லைசென்ஸே வேண்டாம் என்ற விலக்கை 2019-ல் மத்திய சர்க்கார் 2029 வரை நீட்டியிருக்கிறது. 2021-ல் கர்நாடக ஹைகோர்ட்டும் அது செல்லும் என்றுவிட்டது. குடவர்கள்மீது நமக்கு யாதொரு துவேஷமும் இல்லை. ஆனால் அவர்கள் கொல்லைக்கு வரும் பன்றி வேறு, நம் கொல்லைக்கு வரும் பன்றி வேறா? பிறவிக்கு ஒரு நியாயம் ஏன்?

துப்பாக்கியைக் கடைச் சரக்காக்க வேண்டும் என்பது நம் கக்ஷியல்ல. போலீஸ் விசாரணை நடக்கட்டும்; டாக்டர் சர்ட்டிபிகேட்டும் கேட்கட்டும். 2019-ம் வருஷத் திருத்தம் ஒருவனுக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாக்கியதும் சரியே. லைசென்ஸ் கிடைத்தாலும், வன இலாகா உத்தரவின்றிப் பன்றியைச் சுடுவது 1972-ம் வருஷச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது. கண்டிப்பு எல்லோருக்கும் ஒன்றாயிருக்கட்டும் என்பதே நாம் சொல்வது.

ஆகவே தோழர்களே! மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்பீலுக்குக் காலக் கெடு உண்டு, தவற விடாதீர்கள். மனுப் போடுவது பிச்சை கேட்பதல்ல. கும்பிட்டுப் பெறுவது சலுகை. கேட்டுப் பெறுவதே உரிமை.